முதலில் சேலை, அப்புறம் மேடை! கல்யாணத்துக்கு நிறம் பார்ப்பது எப்படி?

வாட்ஸ்அப்பில் வண்ணக் கட்டம் அனுப்பும் காலம் இது. ஆனால் தமிழ்க் கல்யாணத்துக்கு என்று ஏற்கெனவே ஒரு வண்ண வரிசை இருக்கிறது. அதோடு ஒத்துப்போகிற நிறத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"அன்பு உறவுகளே... நலங்குக்கு மஞ்சள், முகூர்த்தத்துக்கு பேஸ்டல் பிங்க், ரிசப்ஷனுக்கு ஒயின். ஆண்கள் ஐவரி." கல்யாண வீட்டு வாட்ஸ்அப் குழுவில் இப்படியொரு செய்தி, கீழே நான்கு வண்ணக் கட்டங்களோடு வந்து விழுவது இப்போது சகஜம். அடுத்த அரை மணி நேரத்தில் பெரியம்மா ஒருவரின் குரல் பதிவும் வரும்: "ஒயின்னா என்ன கலர்டி, அரக்கா?"

பெரியம்மா கேட்பது நியாயமான கேள்வி. மணப்பெண் தேடிக் கண்டுபிடித்த ஒயின், பெரியம்மாவின் பீரோவில் முப்பது வருடமாக அரக்கு என்ற பெயரில் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். அலங்கார நிறுவனம் காட்டும் படங்களில் பெரும்பாலானவை வட இந்திய அரண்மனை ஹோட்டல்களிலும் வெளிநாட்டுக் கடற்கரைகளிலும் எடுத்தவை. அந்த வண்ணங்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து காலை ஆறு மணி முகூர்த்தத்தில், ஹோமப் புகைக்கும் மஞ்சள் அட்சதைக்கும் நடுவே வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. லட்சக்கணக்கில் செலவழித்தும் ஆல்பத்தைப் பிரித்தால் எதுவும் எதோடும் சேராமல் கிடக்கும்.

இதைத் தவிர்க்க முடியாதா? தாராளமாக முடியும். எதை முதலில் முடிவு செய்ய வேண்டும், எதைக் கடைசியில் முடிவு செய்ய வேண்டும் என்ற வரிசை தெரிந்தால் போதும்.

ஐந்து நிறங்கள் ஏற்கெனவே வந்தாயிற்று

நம் ஊர் இந்துக் கல்யாணத்தில் ஐந்து நிறங்களை யாரும் அழைக்க வேண்டியதில்லை. தாலிக் கயிறு, அட்சதை, பத்திரிகையின் நான்கு மூலை என மஞ்சள் வந்துவிடுகிறது. குங்குமத்தோடு சிவப்பு வருகிறது. வாசலில் கட்டும் வாழைமரம், மாவிலைத் தோரணம், தாம்பூலத் தட்டின் வெற்றிலை, பந்தியின் தலைவாழை இலை என்று பச்சை. மாப்பிள்ளை வேட்டி, மல்லிகைப் பூ, மாக்கோலம் என்று வெள்ளை. நகையிலும் ஜரிகையிலும் குத்துவிளக்கிலும் பொன் நிறம்.

இந்த ஐந்தில் ஒன்றையும் நீக்க முடியாது. ஆகவே நீங்கள் தேர்ந்தெடுக்கும் 'தீம்' எதுவானாலும் அது ஆறாவது நிறம்தான். அது மற்ற ஐந்தோடு ஒத்துப்போகிறதா என்பதே முதல் சோதனை. மயில் கழுத்து நிறம் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறும். கத்தரிப்பூ நிறம் மஞ்சளுக்குப் பக்கத்தில் எடுப்பாக நிற்கும். மாறாக, இப்போது பலர் விரும்பும் சாம்பல் கலந்த இளம் பழுப்பு, தனியாகப் பார்க்கும்போது எவ்வளவு நாகரிகமாக இருந்தாலும், மஞ்சளும் குங்குமமும் பக்கத்தில் வந்த உடனே அழுக்கேறியது போல மங்கிவிடும். ரிசப்ஷனுக்கு அதே நிறம் அழகாக இருக்கும், ஏனென்றால் அங்கே மஞ்சளும் குங்குமமும் அவ்வளவாக இல்லை.

அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கொரு நிறத்தை 'இந்த வருடத்து வண்ணம்' என்று அறிவித்து வருகிறது. 2023-க்கு விவா மெஜந்தா, 2024-க்கு பீச் ஃபஸ், 2025-க்கு மோக்கா மூஸ். அடுத்த சில மாதங்களில் அந்த நிறம் துணிக் கடை பொம்மைகளின் மேலும் அலங்காரக்காரரின் ஆல்பத்திலும் ஏறிவிடும். மூன்று வருடத்தில் மூன்று நிறம் மாறுகிறது. முகூர்த்தப் புடவையோ இன்னும் நாற்பது வருடம் பீரோவில் இருக்கப் போகிறது.

அரக்கு சட்டமா, வழக்கமா?

"முகூர்த்தத்துக்கு அரக்குதான் கட்டணும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது அதற்குப் பின்னால் ஒரு நீண்ட பழக்கம் இருக்கிறது. மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டில், பருத்தியும் பட்டும் கலந்து கட்டம் போட்டு நெய்த கூறைப் புடவைதான் பல குடும்பங்களுக்குத் தாலி கட்டும் நேரத்துப் புடவை. பிராமணக் குடும்பங்களில் ஒன்பது கஜம் கூறை பெரும்பாலும் அரக்கில் வரும். ஈழத் தமிழர் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் கூறையைச் சடங்குக்கு நடுவில் எழுந்துபோய் மாற்றிக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் தாலி ஏறும். அதுவும் பெரும்பாலும் சிவப்புக் குடும்பத்து நிறமே.

இதில் ஒரு நடைமுறை அனுகூலமும் உண்டு. முகூர்த்த நேரத்தில் புடவையின் மேல் என்னென்ன விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். மஞ்சள் நீர், குங்குமம், நெய், சந்தனம், ஈரம் சொட்டும் ரோஜா மாலை, போதாததற்கு ஹோமப் புகை. அரக்கும் சிவப்பும் அடர் மஞ்சளும் இதையெல்லாம் தாங்கும். ஐவரி நிறப் பட்டில் மாலையின் சாயம் ஒருமுறை இறங்கினால் டிரை கிளீனிங் கடைக்காரரே கையை விரித்துவிடுவார். வெளிர் நிறம்தான் வேண்டும் என்றால், மாலைக்கும் புடவைக்கும் இடையில் வர மேலே ஒரு வஸ்திரமோ, சாயம் விடாத சம்பங்கி மாலையோ ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

ஆனால் வழக்கம் வேறு, சட்டம் வேறு. கிறிஸ்தவ மணப்பெண் வெள்ளைப் புடவையில் கோயிலுக்கு வருகிறாள். அந்த வெள்ளை உலகெங்கும் பரவியதில், 1840 பிப்ரவரி 10 அன்று வெள்ளை சாட்டினில் திருமணம் செய்துகொண்ட விக்டோரியா மகாராணிக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு முன் ஐரோப்பாவில் மணப்பெண்கள் பல நிறங்களில் மணம் முடித்தார்கள். ஒரு வீட்டில் கல்யாணத்துக்குக் கறுப்பே ஆகாது என்பார்கள். தமிழ் முஸ்லிம் வீடுகளிலோ மணமகளின் கழுத்தில் ஏறும் கருகமணிதான் மங்கலம். எந்த நிறமும் எல்லோருக்கும் மங்கலம் இல்லை, எல்லோருக்கும் அமங்கலமும் இல்லை.

பாரம்பரியம் என்று நாம் நினைக்கிற சில நிறங்கள்கூட அவ்வளவு பழையவை அல்ல. வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற 18 வயது ஆங்கிலேய இளைஞர் 1856-இல் தற்செயலாகக் கண்டுபிடித்த ஊதாச் சாயத்திலிருந்துதான் வேதிச் சாயங்களின் காலம் தொடங்குகிறது. மெஜந்தா சாயம் வந்தது 1859-இல். நாம் 'ராணி கலர்' என்று கேட்டு வாங்கும் அந்தப் பளீர் நிறத்தைக் கொடுத்தது இந்தச் சாய வழிதான். வாடாமல்லி நிறத்துக்குப் பெயர் தந்த வாடாமல்லிச் செடியின் பூர்வீகமே மத்திய அமெரிக்கா. நம் ஆட்கள் புது நிறத்தை எப்போதும் வரவேற்றுத்தான் இருக்கிறார்கள்.

சினிமா உலகத்திலேயே இரண்டு போக்கும் உண்டு. 2017-இல் அனுஷ்கா சர்மா இத்தாலியில் வெளிர் இளஞ்சிவப்பு உடையில் மணமுடித்ததும், 2022 ஏப்ரலில் ஆலியா பட் ஐவரி நிறப் புடவையில் மணமுடித்ததும் நாடெங்கும் வெளிர் நிற அலையைக் கிளப்பின. அதே 2022 ஜூனில் மாமல்லபுரத்தில் நயன்தாரா முழுச் சிவப்பில் வந்து நின்றார். கடைகளில் சிவப்புக்குக் கிராக்கி குறையவே இல்லை.

தறி சொல்லித்தரும் பாடம்

நிறம் சேர்ப்பதில் நமக்குக் கையருகே இருக்கும் பள்ளிக்கூடம் காஞ்சிபுரம். உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம் என்று நெய்யும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தலா ஒன்று. நெசவாளருக்கு உதவியாக இன்னொருவரும் தறியில் உட்கார வேண்டும். முந்தியும் வேறு நிறமாக வேண்டுமானால், பழைய பாவு நூலோடு புது நிறப் பாவு நூலை இழை இழையாகப் பிணைக்கும் 'பெட்னி' வேலை இருக்கிறது. இத்தனை பாடும் எதற்கு? எதிர் எதிர் நிறங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும் என்பதற்காக.

இதே உண்மையை பிரான்ஸில் மிஷெல் யூஜின் ஷெவ்ரூல் என்ற வேதியியலாளர் வேறு வழியில் கண்டார். பாரிஸின் கோபெலின் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார் அவர். கறுப்புச் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. பக்கத்து நிறம் மாறினால் ஒரு நிறமே மாறித் தெரியும் என்ற அந்த ஆராய்ச்சியை 1839-இல் புத்தகமாகவே வெளியிட்டார். அரக்குக்குப் பச்சைக் கரை, மாம்பழ நிறத்துக்குக் கத்தரிப்பூக் கரை என்று நம் நெசவாளர்கள் தேர்ந்தெடுக்கிற ஜோடிகளும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

கடையில் இதை எப்படிப் பயன்படுத்துவது? கண்ணாடி முன் நின்று புடவையை மட்டும் பார்க்காதீர்கள். போடப் போகும் நகையின் ஒரு துண்டை, ஒரு முழம் மல்லியை, மாப்பிள்ளை வேட்டியின் கரையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கெம்புக் கல் நகைக்குப் பச்சையும் அடர் நீலமும் பொருந்தும். வெள்ளி ஜரிகைப் புடவைக்கு மேல் பொன் நகையை அடுக்கினால் இரண்டும் சண்டை போடும். வெளிர் நிறப் புடவைகளில் பல வெள்ளி ஜரிகையோடு வருவதால் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் கொடுத்து நெய்யும் இரட்டை வண்ணப் பட்டு இன்னொரு வரப்பிரசாதம். நீலமும் பச்சையும் கலந்த மயில் கழுத்து நடக்க நடக்க மாறி மாறித் தெரியும். மணப்பெண்ணுக்கு ஒரு நிறம் பிடித்து, வீட்டாருக்கு வேறு நிறம் பிடித்தால், இரண்டையும் ஒரே புடவைக்குள் கொண்டுவரும் சமாதானமும் இதில் கிடைக்கும்.

பெயர்களையும் தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள். வெங்காயச் சருகு, மாந்துளிர், கிளிப்பச்சை, ராமர் நீலம், எலுமிச்சை, சந்தனம் என்று கேட்டால் விற்பனையாளர் சட்டென்று சரியான அடுக்கை எடுத்துப் போடுவார். எம்.எஸ். நீலம் என்று ஒன்று உண்டே, அது எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் உருவாக்கிக் கொடுத்த நிறம். ஒரு பாடகியின் பெயரிலேயே நிறம் நிலைத்துவிட்ட ஊர் இது.

கடைசியாக, பழைய தலைமுறையின் பழக்கம் ஒன்றை விட்டுவிடாதீர்கள். பில் போடும் முன் புடவையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்ப்பது. கடை விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்த ரவிக்கைத் துணியும் புடவையும் பகல் வெளிச்சத்தில் தனித்தனியாகப் பிரிந்து நிற்பது உண்டு. இரண்டு சாயங்களின் கலவை வேறு வேறாக இருந்தால் விளக்கு மாறும்போது இப்படித்தான் ஆகும்.

மாநிறத்துக்கு என்ன குறை?

"இதைக் கட்டினா பொண்ணு கொஞ்சம் கலரா தெரிவா." பட்டுக் கடையில் அடிக்கடி காதில் விழும் இந்த வசனத்தை முதலில் மறந்துவிடுங்கள். வெளிர் நிறங்கள் இணையத்தில் அழகாகத் தெரிவதற்கு, அந்தப் படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் சிவந்த நிறத்தவர்கள் என்பதும் ஒரு காரணம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அரக்கு, மாம்பழம், கிளிப்பச்சை, மயில் கழுத்து, குங்குமச் சிவப்பு ஆகிய ஆழமான நிறங்கள் எடுக்கிற எடுப்பு தனி. பல தலைமுறையாக நம் தறிகளில் இந்த நிறங்களே ஓடியதில் வியப்பில்லை.

வெளிர் நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு ஏற்ப முகத்தை வெளுப்பாக்கச் சொல்வது அடுத்த தவறு. முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று ஆல்பம் முழுக்க இரண்டு பெண்கள் தெரிவார்கள். மணப்பெண்ணின் தோல் நிறமும் மாற்ற முடியாத நிறங்களில் ஒன்று. அதற்கேற்ற புடவையை எடுப்பதுதான் முறை.

மேடையும் விளக்கும்

புடவை முடிவான பிறகுதான் மேடைக்கு வர வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அலங்காரக்காரருக்கு முன்பணம் கொடுத்து இளஞ்சிவப்பு மேடை என்று முடிவு செய்தபின் இளஞ்சிவப்புப் புடவை எடுக்கிறார்கள். விளைவு, மணப்பெண் மேடைக்குள் கரைந்து போகிறார். பின்னணி, புடவையின் நிறத்திலேயே இருக்கக் கூடாது. அரக்குப் புடவைக்குப் பின்னால் தென்னங்கீற்று, வாழையிலை, வெள்ளைப் பூச்சரம் போதும். வெளிர் புடவை என்றால் பின்னணி அடர் பச்சையாக இருக்கட்டும்.

மண்டபத்தை நேரில் பார்க்காமல் நிறம் சொல்லாதீர்கள். சுவரின் பெயின்ட், தரைவிரிப்பு, திரைச்சீலை, வெல்வெட் சிம்மாசனம் எல்லாம் மண்டபத்துக்காரர் தீர்மானித்தவை. நூற்றுக்கணக்கான நாற்காலிகளைத் துணியும் நாடாவும் கட்டி மறைப்பதைவிட, இருக்கிற நிறத்தோடு சேரும் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது செலவையும் குறைக்கும்.

விளக்குதான் பலர் கோட்டைவிடும் இடம். மஞ்சள் ஒளி தரும் விளக்குகள் சுமார் 2,700 முதல் 3,000 கெல்வின் அளவில் இருக்கும். நடுப்பகல் வெயில் சுமார் 5,500 கெல்வின். ஒரு பக்கம் மஞ்சள் விளக்கு, இன்னொரு பக்கம் வெள்ளை விளக்கு என்று கலந்து வைத்தால் கேமராவால் எதைச் சரி செய்வது என்று தெரியாமல் பாதி முகம் மஞ்சளாகவும் பாதி முகம் நீலமாகவும் பதிவாகும். மேடைக்கு எல்லா விளக்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. அளவு 90-க்கு மேல் இருந்தால் பட்டின் உண்மை நிறம் படத்தில் வரும்.

ஊதா, நீல எல்.இ.டி. விளக்குகளை முகத்தில் அடிக்க விடாதீர்கள். அந்த ஒளியில் எடுத்த படத்தை எந்தக் கணினியாலும் முழுதாகச் சரி செய்ய முடியாது. வண்ண விளக்கு வேண்டுமானால் பின்சுவரோடு நிற்கட்டும். பளீர் சிவப்பிலும் ராணி நிறத்திலும் கேமரா நுணுக்கங்களை விழுங்கிவிடும் என்பதால், அந்த நிறப் புடவை என்றால் புகைப்படக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நலங்குக்கும் ஒரு வார்த்தை. மஞ்சள் பின்னணியில் மஞ்சள் உடை உடுத்தி மஞ்சள் பூசினால் படத்தில் மஞ்சளே தெரியாது. வெள்ளையோ பச்சையோ ராணி நிறமோ உடுத்துங்கள். கன்னத்தில் பூசிய மஞ்சள் அப்போதுதான் பளிச்சென்று தெரியும்.

பூவிடம் கேளுங்கள்

மேடை நிறத்தை மாதத்தை வைத்தும் முடிவு செய்யலாம். மல்லிகை கோடையில் கொட்டும். தை முகூர்த்தங்களிலோ பனியால் வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறிவிடும். அந்த மாதத்தில் மேடை முழுக்க மல்லி என்று கேட்டால் பட்ஜெட் கிழியும். சம்பங்கி, செவ்வந்தி, செண்டுமல்லி ஆகியவற்றை வைத்தே வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு மூன்றையும் கொண்டுவந்துவிடலாம். ஓசூர்ப் பக்கத்திலிருந்து ரோஜாவும் ஜெர்பராவும் பல நிறங்களில் வருகின்றன. கோயம்பேடு, மாட்டுத்தாவணி, தோவாளைப் பூச்சந்தைகளில் அந்த வாரம் என்ன பூ வரும் என்று ஒரு போன் போட்டு விசாரித்துவிட்டு நிறம் சொல்லுங்கள். இல்லாத நிறத்தைக் கேட்டால் வெள்ளைப் பூவைச் சாயத்தில் முக்கிக் கொண்டுவருவார்கள். அந்தச் சாயம் பட்டில் ஒட்டும்.

உறவினருக்குச் சீருடையா?

இனி விவகாரமான பகுதி. வந்திருக்கிற எல்லோரும் ஒரே நிறத்தில் நின்றால் படம் அழகாக இருக்கும்தான். ஆனால் அந்தப் படத்துக்கு யார் செலவழிப்பது? மூன்று நிகழ்ச்சிக்கு மூன்று நிறம் என்றால் ஒரு சித்தப்பா குடும்பத்துக்கு நான்கு பேருக்குப் பன்னிரண்டு உடை. மொய், பயணம், விடுமுறை எல்லாவற்றுக்கும் மேல் இதுவும். இருக்கிற நல்ல பட்டைக் கட்டிக்கொண்டு வர நினைத்தவர், நிறம் சேரவில்லை என்று மேடையேறவே கூச்சப்படுகிறார். கல்யாணத்துக்கு அழைப்பது கூட நின்று வாழ்த்துவதற்காக. படத்தின் ஓரத்தை நிரப்புவதற்காக அல்ல.

இதற்கு நம் வழக்கத்திலேயே தீர்வு இருக்கிறது. முறைக்காரர்களுக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறோம் அல்லவா? சம்பந்தி அம்மாக்கள், அத்தைகள், நாத்தனார், மைத்துனர் ஆகியோருக்கு எடுக்கும் துணியை ஒரே நிறக் குடும்பத்தில் எடுங்கள். மேடையில் அடிக்கடி நிற்பவர்கள் அவர்கள்தான். முக்கியமாக நாத்தனார். மூன்றாவது முடிச்சு போடுபவர் என்பதால் தாலி கட்டும் படங்களில் மணப்பெண்ணுக்குப் பின்னால் அவர்தான் நிற்பார். அவரும் அரக்கு கட்டினால் இரண்டு புடவையும் ஒன்றாகக் கலந்துவிடும். அவருக்கு இளம்பச்சையோ சந்தன நிறமோ எடுத்துக் கொடுங்கள். மற்ற விருந்தினரை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

இந்த வரிசையில் முடிவெடுங்கள்

1. முகூர்த்தப் புடவை. குடும்ப வழக்கத்தில் எது கட்டாயம், எது விருப்பம் என்று பெரியவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தறியில் சொல்லி நெய்வதானால் சாயமேற்றவும் பாவு ஓட்டவும் நெய்யவும் நேரம் பிடிக்கும். இரண்டு மாதமாவது முன்னதாகச் சொல்லுங்கள்.

2. நகையும் ஜரிகையும். பொன்னா வெள்ளியா என்பது இங்கேயே முடிவாக வேண்டும்.

3. மாப்பிள்ளை உடை. முகூர்த்தத்துக்குச் சேலத்து வெண்பட்டு வேட்டி எந்தப் புடவையோடும் ஒத்துப்போகும். கரையில் மட்டும் புடவையின் நிறத்தைக் கொண்டுவரலாம்.

4. முறைக்காரர்களின் துணி. மணப்பெண்ணின் நிறம் மட்டும் அதில் வரக் கூடாது.

5. மண்டபம், பூ, மேடை. புடவையின் படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து அலங்காரக்காரருக்கு அனுப்புங்கள்.

6. விளக்கு. அலங்காரக்காரரையும் புகைப்படக்காரரையும் ஒருமுறையாவது பேச வையுங்கள்.

7. பத்திரிகை. நிறம் எதுவானாலும், நான்கு மூலையில் தடவும் மஞ்சள் தெரிகிற மாதிரி வெளிர் காகிதமாக இருந்தால் நல்லது.

எல்லாவற்றையும் விட ஒன்று முக்கியம். நிறத்தைப் பற்றி வீட்டில் ஆயிரம் கருத்து வரும். பாட்டிக்கு ஒன்று பிடிக்கும், அலங்காரக்காரருக்கு ஒன்று பிடிக்கும், இன்ஸ்டாகிராமுக்கு வேறொன்று பிடிக்கும். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மேடையில் உட்காரப் போகிறவர் ஒருவர்தான். கடைசி வார்த்தையை அந்தப் பெண்ணிடம் விட்டுவிடுங்கள். அவர் கட்டாயம் வேண்டாம் என்று சொன்ன நிறத்தை, எந்தச் சம்பிரதாயத்தின் பெயராலும், எந்த ஃபேஷனின் பெயராலும் அவர் மேல் போர்த்தாதீர்கள்.